எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு லண்டன் வீடு

எங்கள் சாப்பாட்டு மேசையில் இப்போது சாப்பிட இடமில்லை. நடுவில் ஒரு லண்டன் வீடு நிற்கிறது. செங்கல் நிறச் சுவர், முன்பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும் வெள்ளை யன்னல்கள், வாசலுக்கு ஏறுவதற்குக் கறுப்புக் கம்பி பிடித்த படிகள், உச்சியில் புகைபோக்கி. விக்டோரியா மகாராணி காலத்தில் வீடுகளை இப்படித்தான் கட்டினார்களாம். முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக் கற்கள். நகத்தளவு கற்களும் உண்டு. நானும் கணவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்து சாப்பிடுகிறோம். வீட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை.

இது பிள்ளைகள் விளையாடும் சாமான்தானே என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை கட்டிப் பார்க்கவேண்டும். வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று சொல்லிவைத்தவர்கள் சீமெந்து வீட்டை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அதையும் கட்டினேன், இதையும் கட்டினேன். அதில் பிழை வந்தால் மேசனை ஏசலாம். இதில் ஏசுவதற்குக் கணவர் ஒருவர்தான் இருந்தார். அவரும் பாவம், காது கொடுத்துக் கேட்டார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மகன். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு லண்டனுக்குப் போனவன். அவனுக்கு அங்கே இன்னும் விசா சரிவரவில்லை. இருக்க விட்டிருக்கிறார்கள். ஆனால் நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பான். போனில் தெரிவது முகமும் தோளும், பின்னால் கொஞ்சம் வெள்ளைச் சுவரும். நான் கிழமைக்குக் கிழமை ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்.

“தம்பி, வீட்டை ஒருக்கால் சுத்திக் காட்டன்.”

“இண்டைக்கு வேண்டாம் அம்மா. ஒண்டும் ஒதுக்கேல்லை.”

“நான் என்ன சம்பந்தம் பேசவே வாறன்? சும்மா காட்டு.”

“அடுத்த கிழமை காட்டுறன் அம்மா.”

அடுத்த கிழமையும் அதே கதைதான். தனியே இருக்கிற ஆம்பிளைப் பிள்ளை, வீடு குப்பையாய்த்தான் கிடக்கும் என்று நானும் விட்டுவிடுவேன். போன புதிதில் ஒரேயொரு படம் அனுப்பியிருந்தான். மூன்று மாடி வீடு. அதன் முன்படியில் குளிர்ச்சட்டையோடு குந்தியிருக்கிறான் இவன். ‘இஞ்சைதான் இருக்கிறன்’ என்று கீழே எழுதியிருந்தான். எங்கள் மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு வேலிக்கு ஒரு கேற், ஒரு கேற்றுக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம். ஒருவன் வாசற்படியில் இருந்துகொண்டு இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னால், அந்தக் கூரைக்குக் கீழே உள்ள எல்லாம் அவனுடைய பாவனைக்கு என்றுதான் நாங்கள் விளங்கிக்கொள்வோம். வாடகையாக இருக்கலாம், அதுவும் முழு வீடாகத்தான் இருக்கும். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினேன். தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்குக்கூடக் காட்டினேன். அயல்வீட்டு அக்கா மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, “மூண்டு மாடியையும் தனியக் கூட்டித் துடைக்கிறானே, பாவம் பெடியன்” என்றார். அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன்.

இந்த வருடம் கோயில் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் மகன் பெரிய பெட்டி ஒன்று கொடுத்துவிட்டிருந்தான். கணவர் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை, சொக்கிலேற் என்றார். திறந்தால் கல். பேரப்பிள்ளை இல்லாத வீட்டுக்கு எதற்கடா விளையாட்டுச் சாமான் என்று போனில் கேட்டேன்.

“கடையிலை கண்டனான் அம்மா. நான் இருக்கிற வீடு மாதிரியே கிடந்துது. வீட்டைக் காட்டு காட்டு எண்டு நிக்கிறியளெல்லோ, நீங்களே கட்டிப் பாருங்கோ.”

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. காட்டமாட்டேன் என்று நின்றவன் வீட்டையே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான்.

ஆனால் தொடக்கத்திலேயே பிழை விட்டேன். கற்கள் சின்னச் சின்னப் பைகளில் வந்திருந்தன. ஒவ்வொரு பையிலும் ஒரு இலக்கம். ஒன்றாம் பையைக் கட்டி முடித்த பிறகுதான் இரண்டாம் பையை வெட்டவேண்டும். எனக்கு அது எங்கே தெரியும்? சாமான் வந்தால் முதலில் கொட்டிப் புடைத்துத் தெரிந்தெடுப்பதுதான் என் கைக்குத் தெரிந்த வேலை. எல்லாப் பைகளையும் வெட்டிச் சுளகில் கொட்டினேன். பயறு தெரிவது போல நிறம் நிறமாகப் பிரித்துச் சிரட்டைகளில் போட்டேன். முடித்துவிட்டுப் பெருமையோடு படம் காட்டும் புத்தகத்தை விரித்தால், முதல் பக்கத்திலேயே பெரிதாக ஒன்று என்ற இலக்கம். கணவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இஞ்சாரும், நீர் லண்டன் வீட்டை உப்பு, புளி, மிளகாய் எண்டு பிரிச்சுப் போட்டீர்.”

“நீங்கள் வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ.”

“இருக்கிறன். அத்திவாரம் எங்கை? அத்திவாரம் இல்லாமல் வீடே?”

“கீழை மேசை கிடக்கு. முதிரை மரம். உங்கடை வெங்காயத் தோட்டத்திலை கட்டுறதை விட நல்ல அத்திவாரம்.”

இப்படித்தான் வேலை தொடங்கியது. ஒவ்வொரு கல்லையும் சிரட்டை சிரட்டையாகத் தேடவேண்டி இருந்தது. முதல் இரண்டு நாள் கதிரையில் சாய்ந்தபடி குறை மட்டும் சொன்ன மனிதர், மூன்றாம் நாள் தோட்டத்தால் வந்து கைகால் கழுவியதும் நேரே மேசைக்கு வந்து குந்திவிட்டார். வெங்காயம் நட்ட விரல்கள். அந்தத் தடித்த விரல்களால் யன்னலுக்குக் கண்ணாடி போட்டார். நான் படம் பார்த்து நிறம் சொல்ல, அவர் தேடி எடுத்துத் தருவார். மகன் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்து போயிருந்தது. தேத்தண்ணி வேணுமோ, ஓம், வேண்டாம், அவ்வளவுதான். இப்போது பின்னேரம் முழுக்கக் கதை.

கட்டக் கட்ட அறைகளைப் பங்கு பிரித்தோம். கீழே முன்னறை வந்தவர்கள் இருப்பதற்கு. அதற்குப் பின்னால் குசினி. நடுமாடியில் பெரிய யன்னல் வைத்த அறை மகனுக்கு. வேலையால் களைத்து வருகிறவன், வெளிச்சமான அறையில் படுக்கட்டும். மேல்மாடி அறை மிஞ்சியது. அதைப் பற்றிக் கணவர்தான் சொன்னார்.

“உது எங்களுக்கு இருக்கட்டும். போனால் படுக்கிறதுக்கு.”

என்னால் அந்த அறையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. ஒரு விரற்கடை அகலக் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில் யன்னல். நான் அங்கே போய்ப் படுத்து, விடிய எழும்பி, கீழே இறங்கிப் போய் அவனுக்குப் புட்டு அவித்து வைத்துவிட்டு, அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். எனக்கு லண்டன் பார்க்கவேண்டாம், மகாராணியின் மாளிகையும் பார்க்கவேண்டாம். அவன் சாப்பிடும்போது எதிரில் நிற்கவேண்டும். உலகத்தில் எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெட்டியில் ஒரு பொம்மை மனிதனும் வந்திருந்தான். அவன் தலையில் உயரமான கறுப்புத் தொப்பி. தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன், மகனைப் போலவே கறுத்த தலைமயிர். தொப்பியைத் திரும்பப் போடாமல் அவனை நடுமாடிப் பெரிய யன்னலோடு நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

போனைக் கணவர் பிடித்துக்கொள்ள, நான் வீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மகன் வாயைத் திறந்தபடி பார்த்தான். “அம்மா, அச்சொட்டு எங்கடை வீடு!” என்றான்.

“எந்த அறை உன்ரை? இந்தப் பெரிய யன்னல் அறைதானே?”

“இல்லை அம்மா. மேலை.”

பொம்மையை எடுத்து மேல்மாடியில், எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் வைத்தேன். நல்லது, அங்கே காற்று வரும் என்று நினைத்தேன்.

“இன்னும் மேலை அம்மா.”

அதற்கு மேலே கூரைதான் இருந்தது. கூரை தனியே கழற்றி வைக்கும்படி செய்தது. கழற்றினால் உள்ளே சாய்வுக்குக் கீழே சின்ன அறை ஒன்று. சாமான் போடும் இடமாக்கும் என்று நினைத்து, மிஞ்சிய கற்களை நாங்கள் அதற்குள்தான் கொட்டி வைத்திருந்தோம்.

“அப்ப மிச்ச வீட்டிலை ஆர்?”

“வேறை ஆக்கள் அம்மா. கீழை ஒரு வெள்ளைக்காரக் கிழவி. நடுவிலை ஒரு குடும்பம். அதுக்கு மேலை ரெண்டு பெடியள். உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நினைச்சன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவன், தெரியும் என்று நினைத்தானாம். ஆனால் அவன் முகத்தைப் பார்க்க, உண்மையாகவே அப்படி நினைத்திருக்கிறான் என்றுதான் பட்டது. ஒரு வாசலுக்குள் நாலு குடித்தனம் என்பது அங்கே எல்லாருக்கும் பழகின சங்கதி. எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, வெட்கம். விறாந்தைப் படமும் அயல்வீட்டு அக்காவின் முகமும்தான் கண்ணுக்குள் நின்றன. போனை வைத்ததும் எழும்பிப் போய்ச் சட்டிபானையைப் போட்டு உருட்டினேன். கணவர் என் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் வாங்கிக் கட்டியிருப்பார்.

கோபம் தணிந்த பிறகு மிஞ்சிய கற்களை வெளியே எடுத்தேன். அந்தச் சின்ன அறையைத் துடைத்தேன். எங்களுடைய அறையில் இருந்த கட்டிலைக் கழற்றி அங்கே போட்டேன். பொம்மையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கூரையை வைத்தேன். கூரை இறங்கவில்லை. தலை முட்டியது.

“நீர் ஒரு வரி கல்லுக் குறைச்சுப் போட்டீர்” என்றார் கணவர்.

இருக்கும், சுளகில் கொட்டின குழப்பத்தில் பிழை வந்திருக்கும் என்று மேல்மாடி வரைக்கும் கழற்றினோம். புத்தகத்தைப் பார்த்து, வரிவரியாக எண்ணி, திரும்பக் கட்டினோம். பொம்மையை நிறுத்திக் கூரையை வைத்தோம். திரும்பவும் முட்டியது. கட்டினதில் ஒரு பிழையும் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என் பிள்ளை இப்போது எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. போகும்போது மீசை அரும்பின பெடியன். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் முகமும் தோளும்தான். அவன் நிமிர்ந்து நின்று நான் பார்க்கவில்லை. கதிரையில் இருந்து அழுதேன். கணவர் பொம்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கேட்டேன். “தம்பி, உன்ரை அறையிலை உன்னாலை நிமிந்து நிக்கேலுமோ?”

“நடுவிலை நிக்கலாம் அம்மா. கட்டிலடியிலை குனியவேணும். முதல் முதல் நெடுக முட்டினது. இப்ப பழகிட்டுது.”

“பழகிட்டுதோ? குனிஞ்சு திரியவே உன்னைப் பெத்தனான்? வெளிக்கிட்டு வா. இஞ்சை உனக்கு வீடில்லையே?”

“அம்மா…”

“வா எண்டால் வா.”

வெளிக்கிட்டால் திரும்பப் போகமுடியாது என்று எனக்கும் தெரியும். இவனுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று கீரிமலைக் கேணியில் முழுகி, ஈரச்சேலையோடு சிவனைக் கும்பிட்டவள் நான். கிடைத்தால் வந்து முகத்தைக் காட்டிவிட்டு அங்கேயே போய்விடுவான். கிடைக்காமல் அனுப்பிவிட்டால், உழைத்ததெல்லாம் போய் வெறுங்கையோடு, ஆனால் ஒரேயடியாக என்னிடம் வந்துவிடுவான். எதைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாமல்தான் கும்பிட்டேன். கடவுளுக்காவது விளங்கியிருக்குமோ தெரியாது.

அன்றிலிருந்து கூரையை நான் வைக்கவில்லை. மேசையில் ஒரு ஓரமாகக் கிடந்தது. பொம்மை கட்டிலடியில் நிமிர்ந்து நின்றான். காலையில் விளக்கு ஏற்றிவிட்டு வந்து பார்ப்பேன், நின்றுகொண்டிருப்பான். தூசி படுகுது, மூடி விடுமன் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். நான் சீலைத்துண்டால் ஒவ்வொரு நாளும் தூசி துடைத்தேனே தவிர மூடவில்லை. ஐப்பசி மழை தொடங்கி, கார்த்திகையும் போய், மார்கழி பிறந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மகன் தொப்பியும் கழுத்துத் துண்டுமாகப் போனில் வந்தான். அறைக்குள்தான் இருந்தான். என் பின்னால் மேசை தெரிந்திருக்கவேண்டும்.

“அம்மா, இன்னும் கூரை போடேல்லையோ?”

“இல்லை. நீ நிமிந்து நிக்கிறதை நான் பாக்கவேணும்.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கழுத்துத் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினான்.

“போட்டுவிடுங்கோ அம்மா” என்றான். “கூரை இல்லாட்டி இஞ்சை குளிரும்.”

நான் போனைக் கணவரிடம் கொடுத்தேன். பொம்மையை எடுத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். கால் நீட்ட இடம் இருந்தது. கூரையைத் தூக்கி வைத்து, நான்கு மூலையையும் பெருவிரலால் அழுத்தினேன். இந்த முறை நன்றாக மூடியது. அதற்குப் பிறகு என் கண்ணுக்கு அவன் தெரியவில்லை.