வெள்ளை அட்டைக்குப் பக்கத்தில்

மார்த்தாண்டத்தில் எங்கள் வீடியோ ஸ்டுடியோவுக்குப் புதிய லேப்டாப் வந்து சேர்ந்தபோது, அதை வாங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணங்களுக்கு அவர் கேமரா, நான் எடிட்டிங். பதினொரு வருஷம் அப்படித்தான் ஓடியது. கூடப் பிறக்காவிட்டாலும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் எடுத்து வரும் காட்சிகளைப் பழைய லேப்டாப் தாங்காது. ஒவ்வொன்றுக்கும் மங்கலாக ஒரு சிறு பிரதி செய்து, அதை வைத்துத்தான் வெட்டி ஒட்டுவேன். நான் எடுத்ததை நீ ஒருநாளும் முழுசாகப் பார்த்ததில்லை என்று குறைப்படுவார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் ஆர்டர் போட்டாயிற்றா என்று கேட்டார். போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

பெட்டியைப் பிரித்து வெளியே எடுத்தேன். நல்ல கனம், சார்ஜரைத் தூக்கவே ஒரு கை வேண்டும். விசைகள் சத்தமில்லாமல் அமிழ்ந்தன. திரையின் நிறங்கள் சோதித்துச் சரிபார்க்கப்பட்டவை என்று உள்ளே ஒரு தாள் இருந்தது. சோதித்துப் பார்க்க, கையில் அகப்பட்ட ஒரு கல்யாணத்தைத் திறந்தேன். மண்டபத்து வாசலில் எடுத்தது. சிறு பிரதி எதுவும் செய்யாமலே, ஒரு இடத்திலும் திக்காமல் ஓடியது. பட்டுச்சேலைக் கரையில் ஜரிகை இழை இழையாகத் தெரிந்தது. அவர் சொன்னது சரிதான். இத்தனை வருஷம் நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

அடுத்த காட்சியில் அவரே வந்தார். வேலை தொடங்குமுன் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் நிற்பது அவர் வழக்கம். அந்த வெள்ளையை வைத்துத்தான் மற்ற நிறங்களை நான் சரிசெய்வேன்.

“மக்கா, இத வச்சுக் கலரப் பிடிச்சுக்க” என்றார்.

அட்டை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அவருடைய கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது.

காட்சியை அங்கேயே நிறுத்தினேன். அந்தக் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது என்றார்கள். அதே கல்யாணத்தின் குரூப் போட்டோக் காட்சியில் ஓரமாக நின்ற அவர் முகம் மஞ்சளடித்தது இப்போது ஞாபகம் வந்தது. பந்தல் துணியின் நிறம் பட்டிருக்கிறது என்று நினைத்து, அவர் முகத்தில் மட்டும் மஞ்சளைக் குறைத்தவன் நான்தான். என் கையாலேயே குறைத்தேன்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அருமனைக்குப் போனேன். அண்ணன் மனைவியான மைனியிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய அவர்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டினேன். பந்தல் துணி விஷயத்தையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

மைனி திரையின் பக்கம் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

“எனக்கும் தெரிஞ்சுது தம்பி” என்றார். “கேட்டதுக்கு, வெயில்ல அலைஞ்சதுன்னு சொன்னாரு. நானும் கீழாநெல்லிய அரைச்சுக் குடுத்துட்டு, சரியாப் போவும்னு இருந்துட்டேன்.”

மைனி எழுந்து போய்ப் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேண்டாம், வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

தேடினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டம் பாறைகளில் ஒரு ஜோடியைப் படம்பிடிக்கப் போனபோது, நான் விளையாட்டாகக் கேமராவை அவர் பக்கம் திருப்பியது கிடைத்தது. அலையடித்துப் பேன்ட் முழுக்க நனைந்து, என்னை ஏசிக்கொண்டே சிரிக்கிறார். மீசையில் தெறித்த தண்ணீர்கூடத் தெரிந்தது.

மைனி கையை நீட்டினார். திரைக்கு அருகில் வந்ததும் விரல்களை மடக்கிக்கொண்டார்.

“புதுசுல்லா” என்றார்.

“பரவாயில்ல மைனி, தொடுங்க” என்றேன்.