பூக்கட்டிப் பார்த்த ஒரு வருடம்

பிளஸ் டூ முடித்த என் மகள், கல்லூரியில் சேருமுன் ஒரு வருடம் இடைவெளி வேண்டும் என்றாள். என்ன படிப்பதென்றே தெரியாமல் நான்கு வருடம் படிக்கப் பயமாக இருக்கிறதாம். முற்போக்கான தகப்பனாகையால் நான் உடனே சம்மதித்தேன். ஆனால் இப்போது வேண்டாம், டிகிரி முடித்துவிட்டு எடு என்றேன். வேலை கிடைத்த பின் எடுக்கட்டும் என்றாள் மனைவி. அரிமளத்திலிருந்து போனில் வந்த மைத்துனர், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்தால் எல்லாருக்கும் வசதி என்றார். எப்படி வசதி என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

"நீங்க யாராச்சும் எடுத்திருக்கீங்களா?" என்றாள் மகள்.

நான் எடுத்திருக்கிறேன். இரண்டு அரியர் வைத்து, பல்கலைக்கழகமே வற்புறுத்திக் கொடுத்த வருடம் அது. பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன்.

இதற்குள் கவுன்சலிங்கில் அவளுக்கு இன்ஜினியரிங் சீட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சேருகிறேன் அல்லது வேண்டாம் என்று போனில் அழுத்த வேண்டும். வியாழன்வரை பேசிப் பேசி மூன்று பேருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் மனைவி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம்; சாமி முன் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு என்றால் இல்லை. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற நான் எதிர்த்திருக்க வேண்டும். பொட்டலத்தை நானே கட்டித் தருவதாகச் சொன்னேன்.

வெள்ளி காலை குடுமியான்மலையில் மகள் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை. அம்மாவும் மகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திரும்பும் பஸ்ஸில் இருவருமே சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஹாஸ்டலுக்கு ரெண்டு போர்வை வாங்கணும்" என்றாள் மனைவி.

"ஹாஸ்டலுக்கா? அதான் ஒரு வருசம் இருக்கச் சொல்லி உத்தரவு வந்துருச்சே."

கல்லூரியில் சேர்க்கலாமா என்று மனைவி வேண்டியிருக்கிறாள். சேராமல் இருக்கலாமா என்று மகள். என்ன கேட்கிறோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, திரும்பப் போய் விவரமாகக் கேட்டுவிட்டு வருவோம் என்று மனைவி எழுந்தே விட்டாள்.

"போக வேணாம். ரெண்டுலயும் வெள்ளைதான் கட்டுனேன்."

சிவப்பு வந்து யார் முகமும் வாடக்கூடாது என்ற நல்லெண்ணம். வெளியே சொன்னபோது அது நல்லெண்ணம் மாதிரியே கேட்கவில்லை.

"சாமிகிட்டயே பிட்டு அடிச்சிருக்கீங்க" என்று மனைவி உட்கார்ந்தாள். முன் சீட்டு அம்மாள் திரும்பி என்னை நன்றாகப் பார்த்துவைத்தார்.

மகள் சிரிக்கவில்லை. "அப்ப சாமி ஒண்ணுமே சொல்லல. நான் சொல்லவா? வேலைக்குப் போன பெறகு எது புடிக்கும்னு தெரிஞ்சு என்னம்மா பண்றது? எனக்கு இப்பத்தான் வேணும்."

ஒரு வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் யாரும் குறுக்கிடாமல் சொல்லி முடித்தது இப்போதுதான். நான் வாயைத் திறந்தேன், மனைவி கையமர்த்தினாள். மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வருசந்தான். ஒரு நாள் கூடுனாலும் நான் சொல்ற காலேஜுதான் ஒனக்கு."

மகள் போனை எடுத்து, சீட் வேண்டாம் என்பதை அழுத்தினாள். தகப்பனாக ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஸ்டாப்பு வருது, செருப்ப மாட்டு" என்றேன்.