தோற்பதற்குச் சம்பளம்

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் டென்னிஸ் ஆடிச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான்தான். தொழில்முறை ஆட்டக்காரர் என்று இப்படிப்பட்டவரைத்தானே சொல்கிறார்கள்? நான் சொன்னால் மட்டும் என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள்.

ஆபீஸர்கள் கிளப்பில் எனக்கு மார்க்கர் என்று பெயர். காலையில் செம்மண் தரைக்குத் தண்ணீர் தெளித்து, கல் உருளையை இழுத்து, சுண்ணாம்பால் கோடு போடவேண்டும். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வருகிற அதிகாரிகளுக்கு ஆள் குறைந்தால், மட்டையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நிற்கவேண்டும். நின்று, தோற்கவேண்டும்.

தோற்கவேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சேர்ந்த புதிதில் பொதுப்பணித்துறை இன்ஜினியரை ஜெயித்துத் தொலைத்தேன். மறுநாள் அவர், நான் போட்ட கோடு கோணலாக இருக்கிறது என்றார். அதற்கு மறுநாள் வலை தொங்குகிறது என்றார். அடுத்த முறை அவரிடம் தோற்றேன். கோடு நேராகிவிட்டது, வலையும் நிமிர்ந்துவிட்டது.

தோற்பது சும்மா இல்லை. ஒரேயடியாகத் தோற்றால் சந்தேகம் வரும். நடுவில் இரண்டு மூன்று கேம் வாங்கிக்கொள்ளவேண்டும், ஓடவேண்டும், மூச்சு வாங்கவேண்டும், கடைசியில் 'சே' என்று மட்டையைத் தொடையில் தட்டிக்கொள்ளவேண்டும். எங்கள் இன்ஜினியர் குனியமாட்டார். குனிந்தால் நிமிர்த்த இன்னொருவர் வேண்டும். தாசில்தாருக்குத் தன் இடது பக்கத்தில் ஒரு உலகம் இருப்பதே தெரியாது. கிளப்புக்குத் தலைவரான சப் கலெக்டர் சின்ன வயசுக்காரர். வலது கைப்பக்கம், இடுப்பு உயரத்தில், அவசரமில்லாமல் வந்து நிற்கிற பந்து என்றால் பிரமாதமாக அடிப்பார். ஆகவே எனக்கு வேறு மாதிரி பந்தே வராது. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் தன் ஆட்டம் முன்னேறியது என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். மலைக்காற்றுதான் காரணம் என்பார். நானும் ஆமாம் என்பேன்.

இப்படியே தோற்றுத் தோற்றுச் சுகமாக இருந்திருப்பேன். நடுவில் ஒரு பெண் வந்துவிட்டாள்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விடுவார். அவருடைய பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் இது எனக்குத் தெரியவந்தது. தெரிந்ததை உறுதி செய்துகொள்ளத் திரும்பத் திரும்பப் போனதில், காற்று ஜாஸ்தியாகி என் டயர் வெடித்தது. அதற்கப்புறம்தான் மாமா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஏம்ப்பா, நீ அங்க என்னதான் பண்ற?"

"ஆபீஸருங்ககூட டென்னிஸ் ஆடறேன் மாமா."

"அது தெரியுது. வேலை என்ன பண்ற?"

கிளப் வேலை எந்த நிமிஷமும் போகக்கூடியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தை மாதத்துக்குள் பர்மனென்ட் வேலையோடு வந்தால் பேசலாம், இல்லாவிட்டால் சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் கிளார்க் ஒருவனின் ஜாதகம் கையில் இருக்கிறது என்றார். காற்றடிக்கும் பம்பையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டார்.

சப் கலெக்டரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். ஜெயித்த சந்தோஷத்தில் இருந்த மனிதர் உடனே இரங்கினார். அவரோடு காலேஜில் படித்தவர் மெட்ராஸில் ஒரு மில்லில் மேனேஜராம். அந்த மில்லுக்கு டென்னிஸ் டீம் உண்டு, ஆட்டக்காரர்களுக்கு வேலையும் கொடுத்து வைத்துக்கொள்வார்களாம். தீபம் முடிந்த அடுத்த வாரம் சாமி கும்பிட வருகிறார். அன்றைக்குத்தான் வேலூர் கிளப்போடு எங்கள் வருஷாந்திரப் போட்டி. ஆபீஸர்கள் ஆடி முடித்ததும் இரண்டு ஊர் மார்க்கர்களும் ஒரு செட் ஆடுவது வழக்கம்.

"நீ ஜெயிச்சிடு. மத்தது நான் பேசிக்கிறேன்" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஜெயிப்பது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது.

பழகிப் பார்க்கலாம் என்றால், தீபத்துக்கு எல்லா ஆபீஸர்களும் பந்தோபஸ்து, தண்ணீர்ப் பந்தல், தேர் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். தனியாகவே பழகினேன். எதிர்ப்பக்கத்து மூலையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதில் பந்தை இறக்கப் பார்த்தேன். பந்து நேராக, சப் கலெக்டர் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போய், இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. சப் கலெக்டர் அங்கே இல்லை, தேரடியில் இருந்தார். பந்துக்கு அது தெரியவில்லை.

சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய், ஜெயித்தால் மலையை உருண்டு சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வெளியே வந்து மலையை ஒரு தடவை பார்த்தேன். திரும்ப உள்ளே போய், நடந்து சுற்றுகிறேன் என்று மாற்றிக்கொண்டேன்.

போட்டி நாள் வந்தது. கோர்ட் ஓரமாக நாற்காலிகள், போண்டா, டீ. மில் மேனேஜர் நெற்றி நிறைய விபூதியும் கண்ணில் கூலிங் கிளாஸுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். மாமா கடையைச் சாத்திவிட்டு வந்து, வேலிக்கு வெளியே சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, கேரியரில் உட்கார்ந்துகொண்டார். கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற முகம்.

வேலூர் மார்க்கர் என்னைவிடப் பத்து வயசு பெரியவர். ஒல்லி, மீசை, சாக்பீஸ் தடவி வெளுத்த கேன்வாஸ் ஷூ. அவர் சர்வீஸ் போட்டார். பந்து என் வலது கைப்பக்கம், இடுப்பு உயரத்தில், அவசரமில்லாமல் வந்து நின்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்நாளில் யாரும் எனக்கு அப்படி ஒரு பந்து போட்டதில்லை.

நானும் மரியாதையாக அவருடைய வலது கைப்பக்கம் அனுப்பினேன். அவர் அதைவிட மரியாதையாகத் திருப்பினார். பந்து போனது, வந்தது, போனது. கைதட்டக் காத்திருந்தவர்கள் கையை இறக்கினார்கள். டீ ஒரு சுற்று முடிந்தது. யாருக்காவது கை வலித்துப் பந்து வலையில் விழுந்தால்தான் பாயிண்ட். அப்போதும் பந்தை விட்டவர் பதறாமல் 'சே' என்று மட்டையைத் தொடையில் தட்டிக்கொண்டார். அதை நான் எங்கேயோ பார்த்திருந்தேன்.

பக்கம் மாறும்போது தண்ணீர்ப் பானையடியில் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க சாருக்கும் இடுப்பு உயரந்தானா?"

"ஆமாங்க."

"எங்க டாக்டருக்கும் அதான். கை வேற பக்கம் திரும்ப மாட்டேங்குதுப்பா."

அவருக்கு மில் வேலை வேண்டாம், வேலூரை விட்டு நகரமாட்டார். ஆனால் தோற்றுவிட்டுப் போனால் அவர்கள் கிளப் டாக்டர் ஒரு மாசத்துக்குக் குத்திக்காட்டுவாராம். ஆக அவரும் ஜெயிக்கவேண்டும், நானும் ஜெயிக்கவேண்டும், இரண்டு பேருக்கும் ஜெயிக்கத் தெரியாது. தலையெழுத்தே என்று அவரவர் பக்கம் போய் நின்றோம்.

மறுபடி பந்து மரியாதையாகப் போய் வர ஆரம்பித்தது. அப்போது வேலிக்கு வெளியே மாமா பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

"எப்பங்க ஆரம்பிப்பாங்க?"

அடிவயிற்றிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பிக் கைக்கு வந்தது. நான் வேலூர்க்காரரின் வலது கைக்கு அனுப்பிய பந்து, என்னைக் கேட்காமல் அவருடைய இடது மூலைக்குப் போய், கோட்டில் பட்டுச் சுண்ணாம்பைக் கிளப்பியது. அவர் அசையவே இல்லை. என்ன இது என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

பாயிண்ட் எனக்கு.

அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. நான் நிதானமாக இருந்தால் கை தன் தொழிலைச் செய்யும், அதாவது தோற்கும். பயந்தால்தான் தடுமாறும், தடுமாறினால் பந்து ஆளில்லாத இடத்துக்குப் போகும். ஜெயிக்க எனக்கு வேண்டியது திறமை இல்லை, கிலி. அதற்கு வேலிக்கு வெளியே ஒரு கிணறே இருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மாமா முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கால் உதறும், கை உதறும், பந்து மூலையில் போய் விழும். வேலூர்க்காரர் ஓடி ஓடி அலுத்துப்போனார்.

நடுவில் ஒரு சோதனை. யாரோ மாமாவுக்கு போண்டா கொடுத்துவிட்டார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் பயமும் போய்விட்டது, வரிசையாக மூன்று கேமும் போய்விட்டது. வேறு வழியில்லாமல் சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ் கிளார்க் பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் அவள். பந்து கோட்டிலேயே போய்ப் பட்டது. மலையின் நிழல் கோர்ட்டைத் தாண்டும் நேரத்தில் ஜெயித்துவிட்டேன்.

வேலூர்க்காரர் வந்து கை கொடுத்தார். நான் நாற்காலிகள் பக்கம் திரும்பினேன். கைதட்டல் கம்மியாக இருந்தது. இன்ஜினியர் கையில் கடித்த போண்டா அப்படியே இருந்தது. தாசில்தார் தன் இடது பக்கத்தை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சப் கலெக்டர், பந்து கடைசியாக விழுந்த மூலையையே வெறித்தார். இவன் இப்படி ஆடக்கூடியவன் என்றால், இத்தனை நாள் நான் ஜெயித்தது என்ன என்று மனிதர் யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஜெயிக்கிற அவசரத்தில் இதை நான் யோசிக்கவே இல்லை.

மில் மேனேஜர் ஒன்றும் அறியாதவர். ஆள் தேவலாம், நீ சரின்னு சொன்னா எடுத்துக்கறேன் என்று சப் கலெக்டரிடம் சொன்னார். என் கல்யாணம் அந்த மனிதரின் வாய்க்குள் இருந்தது. சப் கலெக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தாசில்தாரிடம் கொடுத்துவிட்டு மட்டையை எடுத்தார்.

"வா. ஒரு கேம்."

"இருட்டிடுச்சிங்க சார்."

"எனக்குக் கண்ணு தெரியுது. நிஜமா ஆடு."

நிஜமாக ஆட நான் என்ன பைத்தியமா? போராடித் தோற்றுவிடுவது, அவர் மனசு குளிர்ந்து சரி என்பார் என்று அந்த நொடியே தீர்மானித்தேன். வருஷக்கணக்காகச் செய்த வேலைதானே. அவருடைய வலது கைக்கு, இடுப்பு உயரத்துக்கு, பார்த்துப் பக்குவமாக அடித்தேன்.

ஆனால் பிறந்ததிலிருந்து நான் அந்த அளவுக்குப் பயந்ததில்லை. பந்து இடது மூலையில் சுண்ணாம்பைக் கிளப்பியது.

மன்னிக்கணும் சார் என்றேன். அடுத்தது வலது மூலை. அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். தோற்கப் பார்க்கப் பார்க்க உடம்பு இன்னும் நடுங்கியது, நடுங்க நடுங்கப் பந்து ஆளில்லாத இடமாகத் தேடிப் போனது. ஓரமாக நின்ற வேலூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தேன். அது வலையின் மேல்பட்டையில் மோதி, ஒரு நிமிஷம் யோசித்து, அவர் பக்கம் சொத்தென்று விழுந்தது.

சப் கலெக்டர் வலையருகே வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ நாளுமா?"

"சில நாளு நிஜமாவே தோத்திருக்கேன் சார்."

"எந்த நாளு?"

யோசித்தேன். ஒரு நாளையாவது சொல்லியிருக்கவேண்டும். ஒன்றும் அகப்படவில்லை. அவர் என்னையே பார்த்தார், தன் மட்டையைப் பார்த்தார், பின்னால் மலையைக்கூட ஒரு தடவை பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இவன கூட்டிட்டுப் போயிடு. திங்கக்கிழமையே. இவன் இங்க இருந்தா நான் கிளப்புக்கு வர முடியாது."

தாசில்தார் சிரிப்பை அடக்க முடியாமல் சப் கலெக்டரின் கைக்கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர், பர்மனென்ட்தான், ஆர்டர் வந்துவிடும், ஆறு மாசம் மட்டும் பார்ப்போம் என்றார். நான் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலிக்கு ஓடினேன்.

மாமா சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தார். வேலை கிடைத்தது, ஆறு மாசத்தில் பர்மனென்ட் என்றேன். ரெண்டாவதா ஆடினாரே, அவர்தான் சப் கலெக்டரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரையா ஜெயிச்ச என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். தேரடி வீதி முனையில் நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முதல் தடவையாக என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்.

"மாப்ள, அந்த மேனேஜரும் டென்னிஸ் ஆடுவாரா?"

"ஆடுவாருன்னுதான் நெனைக்கறேன் மாமா."

"ஆறு மாசத்துக்கு அவருகிட்ட தோத்துடு."