தட்டைத் திருப்பிப் பார்க்காதவர்கள்

ஹனீபா பாய் இறந்துவிட்டார். மதுக்கரையில் பஞ்சர் கடை வைத்திருந்தவர். காலையில் ஃபேஸ்புக்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அதுவும் எங்கள் பழைய சங்கத்து பிரெசிடென்ட் போட்ட பதிவில்.

"முகம் தெரியாதவர்களின் அன்பால் ஆனது நம் டிஸ்க் கோல்ஃப் குடும்பம். அதற்கு அடையாளம் நம் பஞ்சர் பாய்" என்று எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

குடும்பமாம்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் நாங்கள் ஏழு பேர் டிஸ்க் கோல்ஃப் ஆடினோம். கோல்ஃப் மாதிரிதான், பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குறைந்த தடவை எறிந்து யார் குறியைத் தொடுகிறாரோ அவர்தான் ஜெயித்தவர்.

அமெரிக்காவில் எட்டு மாதம் இருந்துவிட்டு ஒருவர் பெட்டி நிறையத் தட்டுகளோடு ஆர்.எஸ்.புரத்தில் வந்து இறங்கினார். அவரே சங்கம் ஆரம்பித்தார், அவரே பிரெசிடென்ட் ஆனார். அங்கே குறிக்குச் சங்கிலி தொங்கும் கூடை வைப்பார்களாம். இங்கே மதுக்கரைக்கு வெளியே ஒரு பொட்டல், ஒன்பது வேப்ப மரம், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு வளையம்.

ஞாயிறு காலையில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளை ஷூவுமாகப் போய் நிற்போம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏழு கிறுக்கர்கள் மரத்தோடு சண்டை போடுவதுபோல் இருந்திருக்கும்.

எங்களிடம் ஒரே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தட்டின் அடியில் மார்க்கரால் பெயரும் போன் நம்பரும் எழுதி வைப்போம். தொலைந்த தட்டு யாருக்குக் கிடைத்தாலும் கூப்பிட்டுச் சொல்லலாம். உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று பிரெசிடென்ட் வாராவாரம் பிரசங்கம் செய்வார். அவர் யாருக்காவது ஒரு தட்டைத் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கொடுத்தவர் பாய்தான். அவர் ஒருநாளும் ஆடியதில்லை, அவர் கடை அந்தப் பொட்டலை ஒட்டி இருந்தது, அவ்வளவுதான். கருவேல முள்ளுக்குள் கிடக்கும் தட்டை எடுத்து, எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் நம்பரைச் சுற்றுவார். "ஏனுங்க, உங்க தட்டு நம்ம கடைல இருக்குதுங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ஒருமுறை பிரெசிடென்டின் அமெரிக்க ஷூவைத் துளைத்துக்கொண்டு முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. பெரிய மனிதர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நாங்கள் ஆறு பேரும் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம்.

பாய் குறடும் டெட்டாலும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் காலைத் தன் மடியில் வைத்து முள்ளைப் பிடுங்கினார். காலுக்குச் சொந்தக்காரர் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கடைப் பலகையில் எழுதியிருந்தது, நிமிர்ந்து பார்த்தாலே போதும்.

அப்புறம் அந்த ஞாயிறு...

மழையால் ஒரு மாதம் ஆட்டம் இல்லை. மழைக்கு முந்தின வாரம்தான் என் சிவப்புத் தட்டு முள்ளுக்குள் போய்த் தொலைந்திருந்தது. மறுபடி ஆடப் போன அன்று, பாய் கடை வாசலில் டியூப்களுக்கு நடுவே ஆணியில் அது தொங்கியது.

பிரெசிடென்ட் காரை நிறுத்தி இறங்கினார். திருடியதை வாசலிலேயே மாட்டி வைக்கும் அளவுக்குத் திமிரா என்று ஆரம்பித்தார். நாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவோம் என்று பெருமையடிக்கிற ஊர் இது. அன்றைக்கு அதைக் காணோம். பின்னால் நின்ற ஒருவர் பாயின் தலைக்குல்லாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். அவரும் இன்று கைகூப்பியிருக்கிறார்.

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்து நீட்டினார். "நாலஞ்சு தடவ அடிச்சேனுங்க. லைன் போகலைங்க. நீங்க வந்தா கண்ணுல படட்டும்னு மாட்டி வெச்சேனுங்க."

"பொய் சொல்லாத. முந்தாநேத்துக்கூட அவுங்க ஊட்டுக்கு நான் பேசுனேன்" என்றார் பிரெசிடென்ட். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த மழை மாதத்தில்தான் எங்கள் தெருவுக்கே போன் நம்பர் மாறியிருந்தது. புது நம்பரை சங்கத்தில் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். தட்டில் இருந்தது பழையது.

ஏழு பேரில் ஒருவரும் அந்தத் தட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. நான் பார்க்கத் தேவையே இல்லை, கையில் வாங்கும்போதே தெரியும்.

வாயைத் திறக்கவில்லை. பெங்களூரில் ஏதோ ஆட்டத்துக்கு நான்கு பேரைக் கூட்டிப்போவதாக பிரெசிடென்ட் சொல்லியிருந்தார். அந்த நாலில் ஒருவனாக இருக்க வேண்டும் எனக்கு. ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிவதற்காக! தட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன். த்தூ.

பெங்களூருக்குக் கடைசியில் என் இடத்தில் அவருடைய மச்சானைக் கூட்டிப்போனார்.

அதற்குப் பிறகும் பாய் தட்டுகளைத் தேடி எடுத்தார். போன் மட்டும் செய்யவில்லை. ஞாயிறு காலையில் முதல் வேப்ப மரத்தடியில் சேறு துடைத்து வைத்திருப்பார், பெயரும் நம்பரும் மேலே தெரிகிற மாதிரி. நாங்கள் பொறுக்கிக்கொள்வோம். கடைப் பக்கம் யாரும் திரும்ப மாட்டோம்.

சங்கம் இரண்டு வருடத்தில் கலைந்தது. நல்லவேளை.

பிரெசிடென்ட் சார், உங்கள் பதிவின் கீழே இதை எழுதிவிட்டு அழித்தேன். அங்கே எழுதினால் நீங்கள் அதற்கும் கைகூப்புவீர்கள்.

ஹனீபா பாய்... லைன் ஏன் போகலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. நம்பர் மாறிப்போச்சு. நான்தான் வாயத் தொறந்து சொல்லலைங்க.

போயிட்டு வாங்க பாய்.