இரண்டு பொட்டணத்திலும் வெள்ளைப் பூ

இதை எழுத உட்காருவதும் நோட்டை மூடி வைப்பதுமாக ஆறு வருடம் போய்விட்டது. அம்மன் கோபித்துக்கொள்வாளோ என்று ஒரு பயம். மலையில் இனி யார் முகத்தில் விழிப்பது என்று இன்னொரு பயம். போன வாரம் ஜீப்பில் ஒரு அம்மாவைப் பார்த்த பிறகு, எழுதாமல் இருப்பதுதான் பெரிய பயமாகிவிட்டது.

நான் பத்தாவது வரை படித்தவன். கள்ளக்குறிச்சியில் ஒரு அச்சகத்தில் காகிதம் மடிக்கிற வேலையில் இருந்தேன். ஒரு நாள் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு ஆட்டத்தின் புத்தகத்தை அச்சடிக்கக் கொண்டுவந்தார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, ‘நான் ஆற்றைத் தாண்டுகிறேன்’, ‘நான் கரடியை விரட்டுகிறேன்’ என்பார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். மடித்துக்கொண்டே படித்தவன், ஒரு விதி இன்னொன்றோடு முட்டுகிறதே என்று சொன்னேன். அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனிக்கு இதுவரை ஏழு ஆட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வடக்கனந்தலில் என் வீட்டுக்காரிக்கு இன்னும் இந்த வேலை விளங்கவில்லை. “உங்க வூட்டுக்காரரு இன்னா பண்றாருன்னு கேக்குறாங்க. பெரியவங்க ஆடுறதுக்கு ஆட்டம் எழுதுறாருன்னு சொன்னா, என்னைய பாத்து பாவப்படுறாங்க” என்பாள்.

நாலாவது ஆட்டம் கல்வராயன் மலையைப் பற்றியது. மழை இல்லாமல் சாமை காய்ந்துபோன ஒரு மலையூர். தண்ணீர் தேடி எந்தப் பக்கம் போவது என்பது கதை. அதில் பகடைக்குப் பதில் பூ வைத்தேன். எங்கள் பக்கம் ஒரு காரியத்துக்கு முன்னால் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. ஒன்றுபோல மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. கம்பெனிக்காரருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

எழுதிய ஆட்டத்தை ஆடிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. வெள்ளிமலையில் எனக்குப் பழக்கமான விவசாயி ஒருவர் உண்டு. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டிலேயே ஒரு மத்தியானம், அவரும் அவர் மச்சானும் இன்னும் இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். அங்கேதான் தப்புச் செய்தேன். எந்த வேலையானாலும் சாமி கும்பிடாமல் நான் தொடங்குவதில்லை. அன்றும் அம்மன் படத்துக்குச் சூடம் ஏற்றினேன். பொட்டணங்களை அந்தப் படத்தின் காலடியிலேயே வைத்தேன்.

கதையில் அண்ணனின் முறை வந்தது. “நான் மலைய வுட்டு கீழ எறங்குறேன்” என்றார். எடுத்தார். சிவப்பு.

“மாமா, நீ மேலயே கெட!” என்று மச்சான் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து, ‘இந்த இடம் நன்றாக வேலை செய்கிறது’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைப் பிற்பாடு கிழித்துவிட்டேன்.

அண்ணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அடுத்த திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். அவர்கள் வரவில்லை என்று தெரிந்து மலையேறினேன்.

“ஆத்தா எறங்காதன்னுட்டா தம்பி.”

“அது ஆட்டம்ண்ணா! நான் எழுதுனது!”

“சூடம் ஏத்துனது ஆட்டமா? கும்புட்டது ஆட்டமா? நீதானப்பா ஏத்துன.”

உள்ளே அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். கடைசியில் அண்ணனே ஒரு வழி சொன்னார். கோயிலில் இன்னொரு தரம் கேட்பது. சிவப்பே வந்தால் இனி ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாது. “நீயே மடி. நீ மடிச்சாதான் ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்கும்.”

பாதிக்குப் பாதி. என் ஆட்டங்களில் எத்தனையோ இடத்தில் பாதிக்குப் பாதி வைத்திருக்கிறேன், ஆடுகிறவர்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும் என்று. அன்றைக்குக் கோயிலுக்குப் பின்னால் வாழையிலைக் கிழிசலும் கையுமாக நின்றபோது எனக்கே அடித்துக்கொண்டது. தாயே, பாவம் என்னோடு போகட்டும் என்று சொல்லி, இரண்டிலும் வெள்ளை அரளியை வைத்து மடித்தேன்.

அண்ணிதான் எடுத்தார். வெள்ளை. அண்ணன் தரையில் விழுந்து கும்பிட்டார். இன்னொரு பொட்டணத்தை நான் எடுப்பதற்குள், “ஆத்தா கால்ல கெடந்தது” என்று அண்ணி அதையும் முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் வாடிய பூ இரண்டு கிடந்தன. அண்ணி பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “செவப்ப வச்ச பொட்டணம்க்கா. தொறந்தா வெள்ள. எனக்காக மாத்திட்டா.” என்னைப் பார்த்ததும், “நீயே சொல்லு தம்பி, நீதான மடிச்ச?”

நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இத்தனை வருடமும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆட்டத்திலிருந்து பூவை எடுத்துவிட்டுப் பகடையை வைத்து அனுப்பினேன். “அதுதாங்க இதுல உயிரே, ஏன் எடுத்தீங்க?” என்று கம்பெனிக்காரர் கேட்டார். சரியாக வரவில்லை என்றேன்.

போன வாரம் வெள்ளிமலை ஜீப்பில் எனக்கு எதிரே ஒரு அம்மா. கழுத்தில் எலுமிச்சம்பழ அளவு கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகலையா என்று யாரோ கேட்டார்கள். “கர்ப்பப்பையில கட்டி இருந்தவளுக்கு ஆத்தா மாத்திக் குடுத்தாளே, அதாட்டம் எனக்கும் ரெண்டும் வெள்ள வந்தாதான் போவேன். மூணு வாட்டி கேட்டுட்டேன், இன்னும் குடுக்கல” என்றார்.

ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று நேர்மையாக வைத்தால் இரண்டும் வெள்ளையாக எப்படி வரும்? யாராலும் ஜெயிக்க முடியாத ஓர் ஆட்டத்தை அந்த மலைக்கு எழுதிக் கொடுத்தவன் நான். ஜீப்பிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆத்தா செஞ்சத நான் செஞ்சேன்றியே, நீ இன்னா அவளவிட பெரிய ஆளா?” என்று அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜீப்பே சிரித்தது.

இறங்கி நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கேயும் சொன்னேன். கேட்டுவிட்டு அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி மட்டும், “எழுதிக் குடு. நானே அந்தம்மாகிட்ட படிச்சிக் காட்டுறேன்” என்றார்.

அதற்காகத்தான் எழுதினேன். வரும் செவ்வாய்க்கிழமை அந்த அம்மா நாலாவது தரம் கேட்கப் போகிறார். மலைக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பூக் கேட்கும் வீடுகளில் இப்படியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கிச் சொல்ல வேண்டாம், அம்மனின் அற்புதம் என்றும் கூட்ட வேண்டாம். இரண்டிலும் வெள்ளையை வைத்தது என் கை.