ஜன்னலடி மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சல்லடையக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலைதான். பைபையாக வரும் மண்ணை உலர்த்தி, தட்டிப் பொடித்து, சலித்து, சீட்டு ஒட்டி உள்ளறைக்கு அனுப்ப வேண்டும். உள்ளே பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாதிப் படிப்பு வந்துவிட்டது. உலோகங்களைப் பற்றி ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றிப் புறம் பேசுவதுபோலப் பேசுவாள்.

"காட்மியம் இருக்கே, அது ஊர்சுத்தி. மண்ணுல கொஞ்சம் புளிப்பு ஏறினா போதும், தண்ணியோட கிளம்பி வேர் வழியா இலைக்குப் போயிடும். ஈயம் அப்படியில்லை. விழுந்த இடத்துலயே சம்மணம் போட்டு உட்கார்ந்துக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனாள். பெயின்டரான தங்கை கணவர் பழைய ஜன்னல் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பூச்சு கண்ட கதவு அது. பச்சையும் நீலமுமாகச் செதில்கள் நேராகத் தங்கையின் கீரைப் பாத்தியில் விழுந்துகொண்டிருந்தன. அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? நாலு இடத்தில் மண்ணை அள்ளிப் பைகளில் போட்டுக்கொண்டாள்.

முடிவு வந்தது. குழாயடி மண் சுத்தம். ஜன்னலடியில், மேல் மண்ணில் மட்டும் பழைய பெயின்டிலிருந்த ஈயம், இருக்கலாம் என்ற அளவைப்போல நாலு மடங்கு. ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.

சொன்னதும் தங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாலு வருஷமா என் கீரையைக் கட்டுக்கட்டா வாங்கிட்டுப் போனியே, அப்போ தெரியலையா?"

"தெரியலைடி. நானும்தானே அதைத் தின்னேன்."

தங்கை ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் கூடத்து வாசலில் தங்கை கணவர் வந்து நின்றார்.

"அக்கா, நான் முப்பது வருஷமா சுரண்டறேன். அந்தத் தூசி என் உடம்புலயும் உட்கார்ந்திருக்குமா?"

ஜன்னலடியை மட்டும் பார்த்தவள், ஜன்னலில் நின்ற ஆளைப் பார்க்கவில்லையே. அன்றே எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. அவளுக்கும் தங்கைக்கும் தங்கை மகளுக்கும் பயப்பட ஒன்றுமில்லை. அவருக்குத்தான் ஈயம் கூடுதல். "முதல்ல அந்தத் தூசியை நிறுத்துங்க" என்றார் டாக்டர். அதைக் கேட்ட தங்கை, சண்டையில் இருப்பதையே மறந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பெரியவர்கள் மூவருமாக மண்ணை நனைத்து, ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிச் சாக்குகளில் கட்டினார்கள். அபாயக் கழிவு வண்டி வந்து எடுத்துப்போனது. புது மண் கொட்டி, ஜன்னலடியில் பூச்செடி வைத்தார்கள். கீரை குழாயடிக்குக் குடிபோனது.

ஆறு மாதத்தில் அவர் ரத்தத்தில் ஈயத்தின் அளவு பாதியாகக் குறைந்தது. இப்போது பழைய வீடு என்றால் முகமூடி மாட்டி, தரையில் தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்துத்தான் சுரண்டுகிறார். நேரமாகிறதே என்று வீட்டுக்காரர் யாராவது முனகினால், "எங்க அக்காவை வரச் சொல்லட்டுமா? அவங்க பேச ஆரம்பிச்சா இதைவிட நேரமாகும்" என்கிறார்.