டீச்சரம்மாவின் கரும்பலகை

தனியார் பஸ் ஷெட்டில் பஸ்களைவிட அதிகம் ஓடுபவை 'நான் அப்பவே சொன்னேனே', 'எங்கிட்ட யார் சொன்னா?' என்ற இரண்டு வாக்கியங்கள்தான். ஆபீசில் புது ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்து அவதிப்பட்ட என் இனத்தாரே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பிள்ளையார் சுழி

எம்.ஏ. முடித்த கையோடு பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பஸ் கம்பெனியில் கணக்கெழுதப் போனேன். ஒரு பஸ்ஸின் ஹெட்லைட் எரியவில்லை என்று டிரைவர் முனுசாமி கண்டக்டர் பெருமாளிடம் சொல்ல, பெருமாள் டீக்கடையில் சொல்ல, மெக்கானிக் பஷீர் பாய்க்கு மட்டும் அது போய்ச் சேரவே இல்லை. முதலாளியிடம் வாதாடி ஒரு கரும்பலகை வாங்கி, ஷெட் சுவரில் மாட்டினேன். எந்த பஸ், என்ன குறை, யார் பொறுப்பு என்று மூன்று கட்டம். சரியானதும் அழித்துவிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

பஷீர் பாய் அதை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நான் இங்கயேதான இருக்கறேன்? செவுத்துக்கிட்ட சொல்றத எங்கிட்டயே சொன்னா என்ன?"

யார் பொறுப்பு?

குறைகளை எழுதினார்கள். மூன்றாவது கட்டத்தில் மட்டும் ஒரு பெயரும் நிற்காது. நான் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் அழிந்திருக்கும். இது தண்டனை இல்லை, பொறுப்பு என்று அரைமணி நேரம் வாதாடினேன். என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

பெருமாள் கைகட்டி நின்றுகொண்டு சொன்னார்: "பள்ளிக்கூடத்துல பேசுனவன் பேரத்தான் போர்டுல எழுதுவாங்க டீச்சரம்மா. நான் எங்கங்க பேசுனேன்?"

அன்றிலிருந்து ஷெட்டில் எனக்கு அதுவே பெயர்.

ஆயுத பூஜை

பூஜைக்கு முந்தின நாள் முனுசாமி தானாகவே வந்து எழுதினார்: 'நாலாம் நம்பர். பிரேக் இடது பக்கம் இழுக்குது.' எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய் ஸ்பேர் வாங்க சேலம் போயிருந்தார். வந்ததும் பார்ப்பார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

பூஜையன்று வந்து பார்த்தால் கரும்பலகை பளபளவென்று இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம், மேலே சாமந்தி மாலை. குறை ஒன்றுகூட இல்லை. நான் கத்திய கத்தலில் பொரித் தட்டே ஆடியது.

பெருமாள் அசரவில்லை. "இதுவும் ஆயுதந்தானுங்களே. அழுக்கோட எப்படிங்க சாமிக்கு வெக்கறது?"

மறுநாள் காலை

பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது என்றார்களே, இன்று மறுபடி எழுதலாம் என்று வந்தால், நாலாம் நம்பர் சேலத்துக்குக் கிளம்பி உறுமிக்கொண்டிருந்தது. வழியில் மஞ்சவாடி கணவாய் இறக்கம். ஓடிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றேன். "வழிய உடும்மா, நேரமாவுது!" என்று உள்ளேயிருந்து ஒரே கூச்சல். "பிரேக் இழுக்குதுன்னு எழுதினவர் நீங்கதானே, எந்தத் தைரியத்தில் எடுத்தீங்க?" என்று முனுசாமியைக் கேட்டேன்.

"போர்டுல இல்லீங்களே. அழிச்சிருந்தா சரியாயிடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

என் கரும்பலகையை ஒருவர் முழுசாக நம்பிய முதல் நாள் அதுதான். நான் நகரவில்லை. சத்தம் கேட்டு வந்த பஷீர் பாய் பஸ்ஸுக்கு அடியில் படுத்தார். எழுந்தபோது கையெல்லாம் பிரேக் ஆயில். ஜனங்களை இறங்கச் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பாத்தியாம்மா? வாயால சொன்ன, உடனே வேல நடந்துச்சு. இதுக்குப் போயி போர்டு எதுக்கு?"

ஆக, அந்த ஷெட்டுக்கு நான் கொண்டுபோனவற்றில் கடைசிவரை பழுதில்லாமல் ஓடியது என் வாய் ஒன்றுதான்.